ஒரு தட்டும் ஆறு மரமும்: ஊர்ப் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆடத் தொடங்குவோருக்கு

கனடாவில் இருந்தோ நோர்வேயில் இருந்தோ லீவுக்கு வந்த சித்தப்பா கொண்டுவந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் கிடக்கலாம். சாதாரண ஃபிரிஸ்பியை விடச் சின்னது, விளிம்பு கூர்மையானது, கையில் எடுத்தால் பாரம் தெரியும். பிள்ளைகள் ரெண்டு நாள் முற்றத்தில் எறிந்திருப்பார்கள். நினைத்த பக்கம் போகாமல் வேலி தாண்டிப் பக்கத்து வளவுக்குள் விழுந்ததும் அலுத்து விட்டிருப்பார்கள். அதைக் கீழே இறக்கித் தூசி தட்டுங்கள். அந்த ஒரு தட்டும் நிழல் மரங்கள் நிற்கும் ஒரு பூங்காவும் இருந்தால், குடும்பமாக ஒரு பின்னேரம் முழுக்க விளையாடலாம்.

விளையாட்டு இதுதான். ஒரு கோட்டில் நின்று தூரத்தில் உள்ள இலக்கை நோக்கித் தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்தில் இருந்து அடுத்த எறி. இலக்கில் படும்வரை எத்தனை எறி என்று எண்ணிக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த இலக்கு. எல்லாம் முடிந்து கூட்டிப் பார்க்கும்போது யாருக்கு எண்ணிக்கை குறைவோ அவர் வென்றவர். கோல்ஃப் பார்த்தே இராதவர்களுக்கும் முதல் இலக்கை முடிப்பதற்குள் பிடிபட்டுவிடும்.

வெளிநாட்டுப் பூங்காக்களில் இலக்கு என்பது சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. ஒஸ்லோவில் எக்கபேர்க் பக்கமும் ரொறன்ரோத் தீவுகளிலும் அப்படிக் கூடை நட்ட மைதானங்கள் உண்டு. எங்களிடம் கூடை இல்லையே என்று யோசிக்க வேண்டாம். 1975இல் எட் ஹெட்ரிக் என்பவர் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது அங்கேயும் கூடை இருக்கவில்லை. நட்டு வைத்த கம்பங்கள்தான் இலக்கு. கம்பத்தில் பட்டது, படவில்லை என்று ஆட்டக்காரர்கள் வாக்குவாதப்பட்டதால்தான் பிறகு சங்கிலிக் கூடையை உருவாக்கினார். 1976இல் அவர் தொடங்கிய தொழில்முறைச் சங்கத்தின் விதிகள் இன்றும் மரம், கம்பம் போன்றவற்றை இலக்காக வைக்க இடம் கொடுக்கின்றன. ஆகவே வேப்பமரத்தை இலக்காக வைத்து ஆடுவதும் முழுமையான ஆட்டம்தான்.

இடம் பார்ப்பது

முதல் நாள் தட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கையில் இருந்தால் எறியத்தான் மனம் வரும். பூங்காவை ஒரு சுற்று ஆறுதலாக நடந்து பாருங்கள். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் எந்தப் பாதையால் போகிறார்கள், ஊஞ்சலும் சறுக்கியும் எங்கே, பொடியள் கிரிக்கெட் அடிப்பது எந்த மூலையில், மாடுகள் எந்தப் பக்கத்தால் உள்ளே வருகின்றன என்று கவனியுங்கள். இவர்கள் எல்லாரும் உங்களுக்கு முன்பே அந்த இடத்தைப் பாவிப்பவர்கள். உங்கள் மைதானம் மிஞ்சிய இடத்தில்தான் அமைய வேண்டும். உங்கள் எறி எதுவும் நடைபாதையைக் குறுக்கறுக்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பூங்காவைப் பராமரிப்பது பிரதேச சபை என்றால் அங்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அதற்கு முன் வாசலில் இருக்கும் காவலாளி ஐயாவிடம் கேளுங்கள்.

“ஐயா, அந்த மருத மரப்பக்கம் நாங்கள் நாலு பேர் தட்டு எறிஞ்சு விளையாடலாமோ? ஆக்கள் வந்தால் நிப்பாட்டிப்போடுவம்.”

“மரத்துக்கு ஒண்டும் செய்யமாட்டியளே தம்பி?”

“இல்லை ஐயா. துணிதான் கட்டுறம். போகேக்க அவிட்டுக்கொண்டு போடுவம்.”

இப்படிக் கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. தட்டு எங்காவது ஒளித்துப் போனாலும் அந்த ஐயாவே எடுத்து வைத்திருப்பார்.

நேரம் முக்கியம். விடிய ஆறரையில் இருந்து எட்டரை வரை நல்லது. பின்னேரம் நாலரைக்குப் பிறகு. இடையில் உள்ள வெய்யிலில் ஆட வேண்டாம். கோடையில் வன்னி வெய்யில் ஆளை மட்டும் அல்ல, தட்டையும் கெடுக்கும். சைக்கிள் கரியரில் வெய்யிலில் விட்ட தட்டு இளகி வளைந்துவிடும். வளைந்த தட்டு பிறகு நேராகப் பறக்காது. தண்ணிப் போத்தலும் தொப்பியும் சப்பாத்தும் அவசியம். செருப்போடு ஆடலாம், ஆனால் நெருஞ்சி முள் இருக்கும் நிலத்தில் ஒரு ஹோலுக்கு (கோட்டில் இருந்து ஒரு இலக்கு வரையான ஆட்டம்) மேல் தாங்காது.

ஆறு ஹோல் போடுவது

ஒன்பது, பதினெட்டு என்பதெல்லாம் முறையான மைதானங்களின் கணக்கு. தொடங்குபவர்களுக்கு ஆறு தாராளம். ஒவ்வொன்றும் 30 மீற்றரில் இருந்து 60 மீற்றருக்குள் இருக்கட்டும். அளவுநாடா தேவையில்லை, சாதாரண எட்டில் 40 எட்டு வைத்தால் ஏறத்தாழ 30 மீற்றர், 80 எட்டு வைத்தால் 60.

தூரம் கூடினால்தான் விளையாட்டு என்று நினைப்பவர்கள்தான் விரைவில் விட்டுவிடுகிறார்கள். 100 மீற்றரில் இலக்கு வைத்தால் புதியவர் முழுப் பலத்தையும் போட்டு எறிவார். தட்டு மேலே ஏறி, இடப்பக்கம் சரிந்து பற்றைக்குள் விழும். மிச்ச நேரம் தேடுவதில் போகும். 40 மீற்றர் ஹோலில் நாலாம் வகுப்புப் பிள்ளையும் அம்மம்மாவும்கூடச் சேர்ந்து ஆடலாம், இருவருக்கும் வெல்ல வழி இருக்கும். இந்த விளையாட்டில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

இலக்குக்கு முற்றிய, தடித்த பட்டையுள்ள மரமாகப் பாருங்கள்: வேம்பு, மருது, புளி, பாலை. தண்டைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு துணி, தோள் உயரத்தில் ஒரு துணி கட்டுங்கள். தும்புக் கயிறும் சரி. இரண்டுக்கும் நடுவில் தட்டு நேராகப் பட்டால் ஹோல் முடிந்தது. ஆணி அடிக்கவோ பட்டையைச் செதுக்கவோ கூடாது. இளங்கன்றுகளை விட்டுவிடுங்கள், 170 கிராம் தட்டு திரும்பத் திரும்பப் பட்டால் பட்டை உரியும். தென்னைக்கும் பனைக்கும் கீழே ஆட்களை நிறுத்தி விளையாடுவதும் வேண்டாம்.

இன்னொன்று: மரத்தடியில் ஒரு சூலமோ, பொட்டு வைத்த கல்லோ, விளக்குத் தட்டோ இருந்தால் அந்த மரத்தை விட்டு விலகிப் போங்கள். வைரவரோ ஐயனாரோ பிள்ளையாரோ, யாரோ ஒருவர் அங்கே கும்பிடுகிறார். அந்தப் பக்கமாக எறியவும் வேண்டாம்.

முதலாவது ஹோல் நேரானதாக, 30 மீற்றர் அளவில், நடுவில் ஒன்றும் இல்லாததாக இருக்கட்டும். வந்தவர்கள் எல்லாருக்கும் முதல் ஹோலிலேயே ஒரு சந்தோசம் கிடைக்க வேண்டும். மூன்றாவது, நாலாவதில் வழியில் ஒரு மரம் நிற்கும்படி பார்த்தால் அதைச் சுற்றி எறியப் பழகலாம். விடிய ஆடுவதாக இருந்தால் எந்த ஹோலும் நேரே கிழக்கே பார்க்காமல் இருப்பது நல்லது, கண் கூசும். ஒரு ஹோலின் இலக்கு இன்னொரு ஹோலின் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் வரக் கூடாது. குளக்கரைப் பூங்கா என்றால் தண்ணீருக்கு முதுகு காட்டி எறியும்படி கோட்டைப் போடுங்கள். எல்லா ஹோலுக்கும் பார் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று எறியில் முடித்தால் கணக்குச் சரி.

எந்தத் தட்டு

பெரும்பாலான கோல்ஃப் தட்டுகளின் மேல் நாலு எண்கள் இருக்கும். புதியவர் முதலாவது எண்ணை மட்டும் பார்த்தால் போதும். அது வேகத்தைக் குறிப்பது. 1 முதல் 3 வரை என்றால் புட்டர், 4 அல்லது 5 என்றால் மிட்ரேஞ்ச், அதற்கு மேல் டிரைவர். 12, 13 என்று போட்ட தட்டு பெட்டியில் வந்திருந்தால் அதைத் திரும்ப அலுமாரிக்கு மேல் வையுங்கள். அது மிக வேகமான கைக்காகச் செய்தது. மெதுவாக எறிந்தால் உடனே இடப்பக்கம் வெட்டி விழும். பிள்ளைகள் முற்றத்தில் அலுத்துப் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு புட்டரோடு தொடங்குங்கள். கோல்ஃப் தட்டே இல்லை என்றால், அல்டிமேட் என்ற ஃபிரிஸ்பிக் குழு விளையாட்டை ஆடுபவர்கள் பாவிக்கும் 175 கிராம் ஃபிரிஸ்பியும் குறுகிய ஹோல்களுக்கு நன்றாக வரும்.

நிறத்தையும் யோசியுங்கள். மாரி முடிந்து புல் பச்சையாக இருக்கும்போது பச்சைத் தட்டு காணாமல் போகும். கோடையில் காய்ந்த புல்லில் மஞ்சள் ஒளித்துக்கொள்ளும். கடும் நீலமும் ரோசாவும் வருசம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும்.

எறிவது

வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர் அப்படியே மாற்றி எடுங்கள்.

வலது தோள் இலக்கைப் பார்க்கும்படி பக்கவாட்டாக நில்லுங்கள். பெருவிரல் தட்டின் மேல், விளிம்புக்குக் கிட்ட. மற்ற விரல்கள் அடியில், நுனிகள் உள்விளிம்பை அழுத்தியபடி. முட்டையைப் பிடிக்கும் இறுக்கமும் வேண்டாம், சுத்தியலைப் பிடிக்கும் இறுக்கமும் வேண்டாம். யாராவது தட்டை இழுத்தால் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டும் அளவு போதும்.

தட்டை இடப்பக்கம், நெஞ்சு உயரத்தில், நேராகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். பிறகு நெஞ்சை ஒட்டி நேர்கோட்டில் முன்னுக்கு இழுங்கள். முழங்கை முதலில் வரும், முன்கை அதன் பின்னால் வரும், கடைசியில் மணிக்கட்டு சுண்டும். தோய்த்த துவாயை உதறும்போது கடைசியில் ஒரு சுண்டல் வருமே, அதே சுண்டல்தான். அது கொடுக்கும் சுழற்சிதான் தட்டைக் காற்றில் தாங்குகிறது. பலம் அதற்குப் பிறகுதான். சுழற்சி இல்லாத தட்டு எவ்வளவு பலமாக எறிந்தாலும் தள்ளாடி விழும்.

எறி பிழைத்தால் தட்டு போன விதத்தைப் பாருங்கள், அதுவே காரணம் சொல்லும். மேலே ஏறி நின்று பின்னுக்கு விழுந்ததா? விடும்போது முன்விளிம்பு மேலே தூக்கியிருந்தது. பெருவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்தி, முன்விளிம்பு கீழே பார்க்கிறது என்று நினைத்து எறியுங்கள். நேரே வலப்பக்கம் பறந்ததா? விடப் பிந்திவிட்டீர்கள். இடப்பக்கம் போனதா? நேரத்துக்கு முன்பே கைவிட்டுப் போய்விட்டது. நேராகப் போய்க் கடைசியில் மட்டும் இடப்பக்கம் சரிந்தால் அது பிழையே அல்ல. வேகம் குறையும்போது வலக்கைக்காரர் எறிந்த தட்டு அப்படித்தான் சரியும். இலக்குக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகக் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கிழமை இலக்கை மறந்துவிட்டு, இருவர் 15 மீற்றர் இடைவெளியில் நின்று ஒருவருக்கொருவர் எறியுங்கள். இடுப்பு உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் நடுவில் தட்டையாகப் போக வேண்டும். அது வந்துவிட்டால் மைதானம் உங்களுடையது.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. சோளகம் அடிக்கும் மாதங்களில் வெளியான பூங்காவில் மத்தியானத்துக்குப் பிறகு தட்டு தன் பாட்டுக்குப் போகும். முகத்துக்கு எதிரே காற்று அடித்தால் தட்டு மேலே கிளம்பி வலப்பக்கம் புரளப் பார்க்கும். தாழ்வாக, இடது விளிம்பைக் கொஞ்சம் சரித்து, பலத்தைக் குறைத்து எறியுங்கள். முதுகுக்குப் பின்னால் இருந்து அடித்தால் அது தட்டைக் கீழே அமத்தும். கொஞ்சம் உயர்த்தி எறியுங்கள். எறிய முன் நாலு காய்ந்த புல்லைப் பிடுங்கி விட்டுப் பார்த்தால் எந்தப் பக்கக் காற்று என்று தெரியும்.

ஒரு ஹோலை ஆடிப் பார்ப்போம்

கோட்டில் இருந்து 50 மீற்றரில் ஒரு மருது. வழியில், வலப்பக்கம் ஒரு வேம்பு. அக்கா முதலில் எறிகிறார், தட்டு வேம்புக்கு இப்பால் 30 மீற்றரில் விழுகிறது. தம்பி பலமாக எறிகிறார், மருதைத் தாண்டிப் 12 மீற்றர் போய்விடுகிறது. இப்போது யார் எறிவது? இலக்குக்குத் தூரத்தில் நிற்பவர், ஆகவே அக்கா. தட்டு கிடந்த இடத்தில், இலக்கைப் பார்த்த பக்கம் அதன் விளிம்பைத் தொட்டபடி ஒரு சோடா மூடியை வைக்கிறார். தட்டைக் கையில் எடுக்கிறார். மூடிக்கு நேர் பின்னால், ஒரு சாண் சொச்ச நீளத்துக்குள் ஒரு கால் ஊன்றியிருக்க வேண்டும். விதிப்படி 30 சென்ரிமீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலம். எறிகிறார், இலக்குக்கு 4 மீற்றரில் விழுகிறது. அடுத்தது தம்பி. அவர் 12 மீற்றரில் இருந்து நேரே தண்டைக் குறிவைத்து எறிகிறார். தண்டை உரசாமல் இரண்டு மீற்றர் தள்ளிப் போகிறது.

இப்போது இருவரும் இலக்குக்கு 10 மீற்றருக்குள். இங்கே ஒரு விதி கூடுதலாக வரும்: எறிந்த பிறகு முன்னுக்கு விழக் கூடாது. தட்டை விட்டு, கால் தடுமாறாமல் நின்று காட்டிவிட்டுத்தான் மூடியைத் தாண்டிப் போகலாம். அக்கா ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து, முன்னும் பின்னும் ஒருமுறை அசைந்து, கையைத் தண்டை நோக்கி நீட்டியபடி விடுகிறார். பட்டையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மூன்று எறி, பார். தம்பியும் இரண்டு மீற்றரில் இருந்து தட்டிவிடுகிறார், அவருக்கும் மூன்று. பலமாக எறிந்தவரும் மெதுவாக எறிந்தவரும் ஒரே எண்ணிக்கையில் முடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த ஹோலில் குறைந்த எண்ணிக்கை எடுத்தவர் முதலில் எறிவார். சமன் என்றால் முந்திய ஒழுங்கே தொடரும். எல்லைக்கு வெளியே போனால் ஒரு எறி தண்டம். வெளியேறிய இடத்தில் இருந்து ஒரு மீற்றர் உள்ளே வைத்து எறியலாம். மரத்தில் சிக்கினால் அதற்கு நேர் கீழே இருந்து எறியுங்கள், தண்டம் இல்லை. தட்டை இறக்கத் தடி எறிவதற்கு முன் மேலே குளவிக் கூடோ முசுறுக் கூடோ இருக்கிறதா என்று பாருங்கள்.

எதற்காகவும் செய்யக் கூடாதவை

தொலைந்த தட்டைத் தேட விதி தருவது மூன்று நிமிடம். வன்னியில் எங்கே தேடுவது என்பதற்கும் எல்லை வேண்டும். பூங்காவின் வெட்டிய புல்லுக்குள் விழுந்தால் தேடுங்கள். வேலிக்கு அப்பால், ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக் காணிக்குள் விழுந்தால் அது போனது போனதுதான். இங்கே இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. லீவுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டும், விளையாட முன்பே, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். யுத்தம் 2009இல் முடிந்தாலும் மிதிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நடந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் ஒரு அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லை என்பதற்காகத் துப்புரவாக்காத காணிக்குள் இறங்கவும் கூடாது. மண்ணில் இரும்புத் துண்டோ, தெரியாத பிளாஸ்டிக் வட்டமோ கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். தட்டு திரும்ப வாங்கலாம்.

குளத்துக்குள் விழுந்ததற்கும் இதே கதைதான். எங்கள் குளங்களில் முதலை உண்டு. முழங்கால் தண்ணி என்று இறங்காதீர்கள். சருகுக் குவியலுக்குள்ளும் பற்றை அடியிலும் கையை விட வேண்டாம். தடியால் கிளறிப் பாருங்கள். சுருட்டையும் புடையனும் சருகின் நிறத்திலேயே கிடக்கும். பாம்பு ஆரையும் கடித்தால் கட்டுப் போட்டு நேரம் போக்காமல், ஆளை நடக்கவிடாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். யானை வரும் பகுதி என்றால் பொழுது படுவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும்.

ஆட்கள் விசயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். தட்டு எட்டக்கூடிய தூரத்தில் யாராவது நின்றால், அவர் விலகும்வரை எறியாதீர்கள். கைநழுவிப் போய்விட்டால் “கவனம்! கவனம்!” என்று உரக்கக் கத்துங்கள். கத்த வெட்கப்பட வேண்டாம். தலையில் பட்டால் தையல் போடும் அளவுக்குக் காயம் வரும். மாடு குறுக்கே படுத்திருந்தால் அது எழும்பும்வரை அந்த ஹோலை விட்டுவிட்டு அடுத்ததை ஆடுங்கள்.

கூடை செய்ய விரும்பினால்

சில மாதம் ஆடிய பிறகு சங்கிலிச் சத்தம் கேட்க ஆசை வரும். கூடை வாங்கத் தேவையில்லை, ஊரிலுள்ள வெல்டிங் கடையில் செய்விக்கலாம். பழைய 28 அங்குலச் சைக்கிள் றிம் ரெண்டு, ஒரு ஜி.ஐ. குழாய், மெல்லிய சங்கிலி, கொஞ்சம் கம்பிவலை, இவ்வளவுதான். கீழ் றிம்மில் வலை அடித்துக் கூடையாக்கி, அதன் மேல்விளிம்பு நிலத்தில் இருந்து 82 சென்ரிமீற்றர் உயரத்தில் வரும்படி குழாயில் ஒட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் அரை மீற்றர் அளவில் மற்ற றிம். மேல் றிம்மில் இருந்து சங்கிலிகளை இறக்கி, நுனிகளைக் கூடைக்குள், குழாயைச் சுற்றி உள்ள ஒரு வளையத்தில் கோக்க வேண்டும். இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இறுகிய சங்கிலி தட்டைப் பிடிக்காமல் திருப்பி எறியும். வெளிச்சுற்று ஒன்றும் உள்சுற்று ஒன்றுமாக இரண்டு அடுக்கு போட்டால் நடுவால் நழுவிப் போவது குறையும். கம்பி நுனிகளை அரத்தால் மழுக்கிவிடச் சொல்லுங்கள், பிள்ளைகள் கை விட்டுத்தான் தட்டு எடுப்பார்கள்.

அடிக்குப் பழைய லொறி ரயர் ஒன்றில் குழாயை நடுவில் நிறுத்திக் கொங்கிறீற் ஊற்றுங்கள். பூங்கா நிலத்தில் குழி தோண்ட வேண்டி வராது. குழாயைச் சரித்துப் பிடித்து, ரயர் விளிம்பில் உருட்டிக்கொண்டு போய் வைக்கலாம். ஆடி முடிந்ததும் அப்படியே உருட்டிக்கொண்டு வந்து காவலாளி ஐயாவின் கொட்டில் ஓரமாக, அவரிடம் கேட்டுவிட்டு, நிறுத்திவிடலாம்.